சுபாங்கிலிருந்து ஈப்போவுக்கு அவர்கள் கொடுக்கும் வழி

என் வீட்டுக்காரர் கிள்ளானில் டயர் கடை வைத்திருக்கிறார். அவருக்கு விமானம் ஓட்டத் தெரியும். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கோயிலில் என்னோடு பூக்கட்டும் அக்கா ஒருவர், "விமானத்துக்கு டயர் மாத்துறாரா?" என்றுதான் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தார். இல்லைக்கா, ஓட்டுறார் என்றேன். அப்படியானால் சம்பளம் நல்லா வருமே என்றார். சம்பளம் கிடையாது, நாம்தான் கொடுக்கணும் என்றதும் அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு இரக்கம் இருந்தது.

அவர் வயதில் மற்றவர்கள் கோல்ஃப் மட்டை வாங்குவார்கள், இல்லாவிட்டால் பெரிய மோட்டார் சைக்கிள் வாங்கி இடுப்பு வலிக்கு மருந்து தேடுவார்கள். மகள் படித்து முடித்து ஈப்போவில் ஆசிரியை வேலைக்குப் போன பிறகு, இவர் சுபாங்கில் இருக்கும் பறக்கும் கிளப்பில் சேர்ந்து சின்ன விமானம் ஓட்டப் படித்தார். லைசென்ஸும் எடுத்தார். ஆனால் அது கண்ணுக்குத் தெரிகிற வானத்தில் மட்டும் ஓட்டுகிற லைசென்ஸ். மேகத்துக்குள் போகக் கூடாது. நம்ம ஊர் வானத்தைத்தான் எல்லாருக்கும் தெரியுமே. காலையில் புகைமூட்டம், மத்தியானம் கருக்கல், சாயங்காலம் இடி. நடுவில் கொஞ்ச நேரம் வெயில் அடிக்கும், அப்போது கடையில் லோரிக்காரர்கள் வரிசை பிடித்து நிற்பார்கள்.

என்னை அந்த விமானத்தில் ஏற்றி, ஈப்போவுக்குக் கூட்டிப்போய், மகள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது அவர் ஆசை. எனக்கு உயரம் என்றால் பயம். பத்துமலையில் படி ஏறும்போதுகூட முன்னால் இருக்கும் படியைத் தவிர எதையும் பார்க்க மாட்டேன். அதை நேராகச் சொன்னால் மனுஷர் மனசு விட்டுவிடுவார் என்று வானிலையைச் சாக்கு வைத்துக்கொண்டிருந்தேன். நாலு தடவை பை கட்டினேன், நாலு தடவையும் மேகம் என்னைக் காப்பாற்றியது. ஐந்தாவது தடவை பையைப் பிரிக்கும்போது கொஞ்சம் அதிகமாகச் சந்தோஷப்பட்டுவிட்டேன் போலிருக்கிறது. அவர் என் முகத்தையே பார்த்தார். சமாளிக்கத் தெரியாமல் வாயை விட்டேன்.

"மேகத்துக்குள்ள போகத் தெரியாத ஆளை நம்பி எப்படிங்க ஏறுறது? அதுக்கும் லைசென்ஸ் எடுங்க, அன்னைக்கு ஏறுறேன்."

"அம்மன் முன்னால சொல்லு," என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்து சன்னிதியில் நிற்கும்போது, மறந்திருப்பார் என்று நினைத்தேன். மறக்கவில்லை. என் பக்கம் திரும்பி, ம், என்றார். சொன்னேன். எனக்குத் தெரியும், அந்த லைசென்ஸ் கஷ்டம், வருஷக்கணக்காகும், பாதியில் விட்டவர்கள் நிறையப் பேர் என்று கிளப்பிலேயே பேசிக்கொள்வார்கள். அந்தத் தைரியத்தில்தான் சொன்னேன். அம்மனிடம் அப்படிக் கணக்குப் போட்டுப் பேசினது தப்பு. அதற்கு அப்புறம் பட்டேன்.

படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எனக்குப் புரிந்த அளவுக்கு இந்த மேகப் படிப்பைச் சொல்கிறேன். மேகத்துக்குள் போனால் கண் கட்டின மாதிரி. வெளியே எதுவும் தெரியாது. முன்னால் இருக்கும் மீட்டர்களைப் பார்த்துத்தான் ஓட்டணும். மற்ற விமானம் எங்கே வருகிறது என்று நமக்குத் தெரியாது, கீழே கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அதனால் நம் இஷ்டத்துக்குப் போக முடியாது. இன்ன ஊருக்கு இன்ன வழியாகப் போகிறேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கணும். எஞ்சின் போட்டதும் ரேடியோவில் கேட்கணும். அவர்கள் ஒரே மூச்சில் வழியைச் சொல்வார்கள். எந்தப் பக்கம் திரும்பணும், எந்தப் பெயருள்ள இடத்தைத் தாண்டணும், எவ்வளவு உயரம், ராடாரில் நம்மை அடையாளம் காட்ட எந்த எண். அதை எழுதிக்கொண்டு, ஒரு வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்லணும். இதில் வேடிக்கை என்னவென்றால், நாம் கேட்ட வழியையே கொடுப்பார்கள் என்று சட்டம் இல்லை. அவர்களுக்குத் தோதான வழியைக் கொடுப்பார்கள்.

என் வீட்டுக்காரர் இந்தப் படிப்பில் சேர்ந்து, பயிற்சியில் ஒவ்வொரு தடவையும் சுபாங்கிலிருந்து ஈப்போவுக்கு நேர்கோடு கேட்பார். ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. டயர் கடைக்காரர் இல்லையா, சுற்றிப் போனால் டயர் தேயும் என்கிற நினைப்பு. பரீட்சை நாளன்றும் அதையேதான் கேட்டார். அதையே மனப்பாடம் பண்ணியிருந்தார். ரேடியோவில் வேறு வழி வந்தது. எழுதுவதற்குள் முடிந்துவிட்டது. மறுபடி சொல்லுங்கள் என்றார், மூன்று தடவை. ஒருவழியாக எழுதி, திருப்பிச் சொல்லி, மேலே ஏறினார். ஏறினதும் கை பழக்கத்தில் தன்னுடைய நேர்கோட்டுப் பக்கமே திரும்பிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தேர்வு அதிகாரி விமானத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான், பெயில்.

அந்த அதிகாரி நல்ல மனுஷர். திட்டவில்லையாம். தாளில் ஒரே வரி எழுதிக் கொடுத்தார். சொல்வதைக் காதில் வாங்குவதில்லை என்று. இவர் வீட்டுக்கு வந்து அதை என்னிடம் காட்டினார்.

"இதை நான் முப்பத்தோரு வருஷமா சொல்றேன், அதுக்கு ஒரு தாள் வேணுமா?" என்றேன்.

சிரிக்கவில்லை. சட்டையைக் கழற்றி அலமாரியில் மாட்டினார். "இன்னும் ஒரு தடவை போவேன். அதுலயும் விழுந்தா விட்டுடுறேன். ஓட்டுறதையே விட்டுடுறேன்." அவர் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். கல்யாணமான புதிதில் சிகரெட்டை விடுகிறேன் என்று இதே குரலில் சொன்னார், அன்றோடு சரி.

நியாயப்படி எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கணும். இன்னொரு தடவை விழுந்தால் எனக்கு விடுதலை. சன்னிதியில் சொன்ன வார்த்தையும் கழிந்துவிடும், பயமும் போகும். ஆனால் அந்த வாரம் சாம்பாரில் உப்பில்லை. அவர் சாப்பிட்டுவிட்டுப் போனார். மறுநாளும் அப்படியே. முப்பத்தோரு வருஷத்தில் உப்பைப் பற்றி வாய் திறக்காமல் அவர் எழுந்தது அதுதான் முதல் தடவை. அது மட்டுமில்லை, பரீட்சை அன்று நான் அம்மனிடம் வேண்டினது என்ன தெரியுமா? "எது நல்லதோ அதைச் செய் தாயே." ஜெயிக்கணும் என்று கேட்கவே இல்லை. என் கள்ள மனசு எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை பசியாறும்போது அவராகவே பேச்செடுத்தார். நான் ஒன்று கேட்டால் அவர்கள் வேறொன்று கொடுக்கிறார்கள், என்ன கொடுப்பார்கள் என்று முதலிலேயே தெரிந்தால் அதையே கேட்டுவிட்டுப் போவேன், அதை எப்படித் தெரிந்துகொள்வது என்று புலம்பினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் இந்தப் புலம்பலை நான் வருஷா வருஷம் கேட்கிறவள்.

எங்கள் கோயில் திருவிழாவுக்கு ரதம் புறப்படும். செயலாளர் போலீசுக்கு மனுப் போடுவார். கடைத்தெரு வழியாக, பெரிய ரோட்டில், ஜெகஜோதியாகப் போகணும் என்று எழுதுவார். பெர்மிட் வரும்போது பின்ரோடு வழியாக வரும். பாசார் என்கிற சந்தை கூடும் நாள் என்றால் ஒரு வழி, வெள்ளிக்கிழமையில் பள்ளிவாசல் தொழுகை முடிகிற நேரம் என்றால் ஒரு வழி, மழையில் ஆற்றோரம் தண்ணீர் ஏறியிருந்தால் இன்னொரு வழி. செயலாளர் ஒவ்வொரு வருஷமும் ஆச்சரியப்படுவார். மகளிர் பிரிவில் என் வேலை, ரதம் எந்த வீட்டு வாசலில் எத்தனை மணிக்கு நிற்கும் என்று முன்கூட்டியே சொல்வது. அந்த வீட்டார் அர்ச்சனைத் தட்டு எடுத்து வைக்கணும் இல்லையா. செயலாளரின் மனுவை நம்பிச் சொன்ன முதல் வருஷம் ஒரு தெரு முழுக்கத் தேங்காயும் கையுமாக நின்று என்னைத்தான் திட்டினார்கள். அதிலிருந்து பழைய பெர்மிட்டுகளை எல்லாம் கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன். கிழமையைப் பார்ப்பேன், மழையைப் பார்ப்பேன், எந்த வழி என்று சொல்லிவிடுவேன். இதுவரை தவறினதில்லை. "அக்கா, நீங்க போலீஸ்ல வேலை செய்றீங்களா?" என்று செயலாளர் ஒரு தடவை முறைத்தார்.

அதைத்தான் இவரிடம் சொன்னேன். "நீங்க கேட்டத எழுதி வைக்காதீங்க. அவங்க குடுத்தத எழுதி வைங்க."

கையில் ரோத்தி சானாய் அப்படியே நின்றது. எழுந்து போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டு வந்தார். ஓட்டும்போது தொடையில் கட்டிக்கொள்ளும் சின்னத் தாள்கள், பயிற்சி ஆரம்பித்த நாளிலிருந்து எல்லாம் அதில் கிடந்தன. ஒவ்வொன்றிலும் மேலே அழகான எழுத்தில் அவர் கேட்ட நேர்கோடு, அதை அடித்து, கீழே கோழி கிளறின மாதிரி அவர்கள் கொடுத்தது. மேசையைத் துடைத்து வரிசையாகப் பரப்பினோம். பதினான்கு தாளில் பதினொன்றில் ஒரே வழி. கிளம்பினதும் கடலோரம் ஒதுங்கி, அங்கே கொஞ்சம் தாழ்வாகவே போய், அப்புறம் ஏறி, வடக்கே திரும்புவது.

"ஒவ்வொரு தடவையும், இன்னைக்கு மட்டும் ஏதோ மாத்திட்டாங்கன்னே நெனச்சேன்," என்றார் மெதுவாக.

மனுஷருக்கு உயிர் வந்துவிட்டது. மறுநாளே கிளப்பில் பயிற்சி கொடுக்கும் மலாய்க்காரப் பெண்ணிடம் போய்க் கேட்டார். அவள், அரசாங்கம் வெளியிடும் புத்தகத்தில் புறப்படும் வழிகள் எல்லாம் படத்தோடு இருக்கிறதே, அங்கிள் புரட்டிப் பார்க்கவில்லையா என்றாளாம். அந்தப் படங்களை அச்செடுத்து வந்து குளிர்பெட்டியில் ஒட்டினார். முருகன் காலண்டர் மறையக் கூடாது என்று நான் கொஞ்சம் தள்ளி ஒட்டச் சொன்னேன். புத்தகத்தில் எல்லா வழியும் இருக்கும், எந்த வழி எப்போது வரும் என்பதைக் கொடுக்கிறவர்களையும் ஓட்டுகிறவர்களையும்தான் கேட்கணும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள்.

அதனால் கட்டுப்பாட்டு அறைக்கே போன் போட்டார். கோபித்துக்கொள்வார்களோ என்று பயந்துகொண்டேதான் போட்டார். எடுத்தவர் இதைக் கேட்க ஒருவர் வந்தாரே என்று சந்தோஷப்பட்டு நிறையச் சொன்னாராம். காலை நேரத்தில் செப்பாங்கில் இருக்கும் பெரிய விமான நிலையத்துக்குப் பெரிய விமானங்கள் வரிசையாக இறங்கும், அதற்கு நடுவில் உங்கள் சின்ன விமானத்தை எங்கே விடுவது, அதனால்தான் கடலோரம் தள்ளிவிடுகிறோம் என்று. போனை வைத்துவிட்டு என்னிடம் அதையே ஒரு வரியில் சொன்னார். மெதுவாகப் போகிற லோரி ஹைவேயில் இடப் பக்கம் ஒதுங்கிப் போகணும், அவ்வளவுதான். இதை இவருக்கு வருஷம் முழுக்கப் புரிய வைக்க முடியாமல் போனதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. பாதி லோரிகள் இவர் டயரில்தான் ஓடுகின்றன.

கிளப்பில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். எனக்கு எப்போதும் நேர்கோடுதான் கொடுக்கிறார்கள், கேட்கிற விதத்தில் கேட்கணும் என்று பெருமை பேசினாராம். விசாரித்தால், அவர் விடிந்ததும் பெரிய விமானம் வருவதற்கு முன்னாலேயே கிளம்பிவிடுகிற ஆள். அதனால் நேரத்தையும் எழுதணும் என்று முடிவானது. ஓடுபாதையின் எந்த முனையிலிருந்து கிளம்பினார்கள் என்பதையும்.

எழுதுகிற வேலை என்னிடம் வந்தது. சனிக்கிழமை காலையில் கிளப்புக்குப் போவோம். அங்கே ஓய்வறையில் ஒரு ரேடியோ, கட்டுப்பாட்டு அறை பேசுவது கேட்கும். இவர் ஒரு கோப்பி, நான் ஒரு பாலில்லாத தே-ஓ, நடுவில் கறிப்பாப். கடையிலிருந்து கொண்டு வந்த, அட்டையில் 555 என்று போட்ட சின்னக் கணக்கு நோட்டில் நான் எழுதுவேன். மணி, முனை, ஊர், வானம், கேட்டது, கொடுத்தது. வடக்கே போகிற சின்ன விமானம் எது பேசினாலும் இவர் விரலைத் தூக்குவார், நான் எழுதணும். எனக்கு வேகமாக வருவது தமிழ்தான், அதனால் தமிழில் எழுதினேன். பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

வானத்தில் வழிநெடுக இடங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். இங்கிலீசில் ஐந்தெழுத்துப் பெயர், அர்த்தம் எதுவும் கிடையாது. ஒன்று காடோப். இன்னொன்று பாண்டி. பாண்டி என்றதும் எனக்கு ரொம்பப் பிடித்துப் போனது, நம்ம ஆள் ஒருத்தர் மேலே உட்கார்ந்திருக்கிற மாதிரி. அந்த நோட்டை வைத்துக்கொண்டு இவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் பயிற்சி எடுப்பார். விமானம் மாதிரியே திரை இருக்கும், ஜி.பி.எஸ். பெட்டி இருக்கும். நான் நோட்டைப் பார்த்து அதிகாரி மாதிரி வாசிப்பேன், அவர் பெயரைப் பெட்டியில் அடிப்பார். முதல் நாள், சுபாங், அடுத்தது காடோப் என்றேன். அடித்தார். திரையில் கோடு நீண்டது. நீண்டுகொண்டே போனது. கடலோரத்தைத் தாண்டி, சுமத்ராவைத் தாண்டி, ஏதோ ஒரு பெரிய கடலின் நடுவில் போய் நின்றது. ஈப்போவில் மகள் சமைத்து வைத்திருப்பாள், நாம் ஆப்பிரிக்கா பக்கம் போய்க்கொண்டிருக்கிறோம்.

யார் மேல் தப்பு என்று கொஞ்ச நேரம் சண்டை. அப்புறம்தான் பிடிபட்டது. நம்ம எழுத்துக்கு ஒரே ஒரு 'க'தான். காளிக்கும் அதே க, கணபதிக்கும் அதே க. இங்கிலீசில் அது இரண்டு எழுத்து. காடோப் என்று நான் எழுதினது கணபதி க. அவர் அடித்தது காளி க, அந்தப் பெயரில் கடல் நடுவில் இன்னொரு இடம் இருக்கிறதாம். கடைசியில் இருக்கும் 'ப்' இன்னொரு தொல்லை. அது பி-யா, பி-யா? இதோ, இதை எழுதும்போதே பாருங்கள், நான் இரண்டு வேறு எழுத்தைத்தான் எழுதினேன், உங்களுக்கு ஒன்றுதான் தெரியும்.

ரேடியோவிலே எழுத்தைப் பிரித்துச் சொல்ல உலகத்துக்கே பொதுவாக ஒரு பட்டியல் இருக்கிறது, பிராவோ, பாப்பா என்று, அதை எழுதேன் என்றார். அந்தப் பாப்பா யார், பிராவோ யார், எனக்குப் பழக்கமில்லாதவர்கள் என்று சொல்லிவிட்டேன். நானே ஒரு பட்டியல் போட்டேன். காளி க, கணபதி க. பழனி ப, பைரவர் ப. 'ட'வுக்குத்தான் சாமி கிடைக்கவில்லை. அதற்கு அவர் டயர் கொடுத்தார், நான் டமாரம் கொடுத்தேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கோயிலிலிருந்து வந்து, குளிர்பெட்டியில் ஒட்டின படத்தோடு ஒத்துப் பார்த்து, ஒவ்வொரு பெயரின் தலைமேலும் சின்னதாகக் குறி போட்டுவிடுவேன். காடோப்புக்கு முன்னால் கணபதி, பின்னால் பழனி. அண்ணனும் தம்பியுமாக அமைந்தது நல்ல சகுனம் என்று எனக்குப் பட்டது. பாண்டிக்கு முன்னால் பைரவர்.

இதுவே அவர் வாயில் ஏறிவிட்டது. ஒருநாள் பயிற்சியில் மேலே போயிருக்கும்போது பெட்டியில் அடித்துக்கொண்டே "கணபதி, பழனி" என்று முணுமுணுத்திருக்கிறார். பயிற்சிப் பெண் எஞ்சின் மீட்டரைப் பார்த்து, எண்ணெய் மீட்டரைப் பார்த்து, ரொம்ப அடக்கமாகக் கேட்டாளாம். "அங்கிள், ஏதாச்சும் பிரச்சினையா? சாமி கும்பிடுறீங்களே."

நோட்டு முக்கால்வாசி நிறைந்தபோது பார்த்தால், ஈப்போ வழி மூன்றே மூன்றுதான். காலையில் கடலோரம். விடிகாலையில் நேர்கோடு, அதுவும் எப்போதாவது. மூன்றாவது ஒன்று, மலைப்பக்கமாக உயர ஏறிப் போவது. அது மொத்த நோட்டிலும் இரண்டே தடவை. இரண்டு தடவையும் 'வானம்' என்ற இடத்தில் நான் எழுதியிருந்தது, கடல் பக்கம் கருமேகம்.

இரண்டாவது பரீட்சை ஒரு செவ்வாய்க்கிழமை. அவரை அனுப்பிவிட்டு நேரே கோயிலுக்குப் போனேன். கூட்டம் இல்லை. என்ன வேண்டுவது என்று கொஞ்ச நேரம் தெரியாமல் நின்றேன். அவர் ஜெயிக்கணும் என்றால் நான் ஏறணும். கடைசியில், போன தடவை நான் ஒழுங்காகக் கேட்கவில்லை தாயே, அதை மனசில் வைக்காதே, அவர் ஜெயிக்கணும் என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, குருக்கள் திரும்பிப் பார்த்தார். எனக்காக நான் ஒன்றும் வேண்டவில்லை. என் பயத்துக்கு அவளே ஏதாவது பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

நடந்ததை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கடலோர வழியைத்தான் எழுதிக் கொடுத்திருந்தார். விமானத்துக்கு நடந்து போகும்போது கிள்ளான் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. தொடையில் கட்டின தாளில் அந்த மூன்றாவது வழியை, மலைப்பக்க வழியை, அவர்கள் சொல்வதற்கு முன்னாலேயே சிறியதாக எழுதி வைத்துக்கொண்டார். ரேடியோவில் கேட்டார். வழி வந்தது. மலைப்பக்கம்தான். மற்றவர்கள் பறந்து பறந்து எழுதுகிற இடத்தில் இவர் ஒவ்வொரு பெயருக்கும் நேராகச் சரி போட்டுக்கொண்டே போனார். ஒரு மூச்சில் திருப்பிச் சொன்னார். பக்கத்திலிருந்த அதிகாரி, அதே போன தடவை அதிகாரிதான், தாளை எட்டிப் பார்த்தார். உனக்கு எப்படி முன்னாலேயே தெரியும் என்று கேட்டாராம். "வைஃப் எழுதி வச்சிருக்காங்க சார்," என்றார் இவர்.

எனக்குப் போன் வந்தபோது நான் கோயில் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தேன். பாஸ் என்றோ ஜெயித்தேன் என்றோ சொல்லவில்லை. "நீ ஏறணும்," என்றார். வாசல்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். எது சந்தோஷம், எது பயம் என்று பிரித்துப் பார்க்கவில்லை.

ஏறுவதற்கு முன்னால் இன்னொரு அவமானம் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. சின்ன விமானம் என்பதால் ஒவ்வொருவரின் எடையும் வேண்டுமாம். முப்பத்தோரு வருஷமாக இவரிடம் மறைத்து வைத்த ஒரே விஷயம் அது. தாளில் எழுதி, நாலாக மடித்துக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்து, கணக்குப் போட்டு, ஒன்றும் சொல்லாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நல்ல மனுஷர்.

அன்று காலை ஒன்பது மணி. காதில் ஹெட்போனை மாட்டிவிட்டார். ரேடியோவில் பேசும்போது அவர் குரலே வேறு. கடையில் கத்துகிற மனுஷரா இது என்று பார்த்தேன். வழி வந்தது. கடலோரம்தான். சொல்கிறவர் வாயிலிருந்து வருவதற்கு முன்னாலேயே அடுத்த பெயர் எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு நிமிஷம் மட்டும் பயம் மறந்திருந்தது. அப்புறம் சக்கரம் தரையை விட்டது. கடல் பக்கம் போய் ஏறும்போது மேகம் வந்து மூடியது. எல்லாம் வெள்ளை. இறக்கையின் நுனிகூடத் தெரியவில்லை. குலுங்கியது. தினமும் சொல்கிற துதி ஒரு வரிகூட வாயில் வரவில்லை, அம்மா அம்மா என்று மட்டும்தான் வந்தது. இவர் மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல், "ஃபிளாஸ்க்ல தே இருக்கு, குடிக்கிறியா?" என்றார். அந்த நேரத்தில் அவரை அடிக்கக் கை எட்டவில்லை, பெல்ட் கட்டியிருந்தது.

ஈப்போவில் இறங்கினோம். மகள் வந்து கட்டிக்கொண்டாள். எப்படிம்மா இருந்தது என்றாள். இரண்டு தடவை குலுங்கிச்சு என்றேன். அப்பா சிரித்தார்.

இப்போது ஒன்றை ஒப்புக்கொள்ளணும். அம்மன் முன்னால் நான் சொன்னது ஏறுகிறேன் என்று மட்டும்தான். திரும்பி வருகிறேன் என்று சொல்லவில்லை. அதனால் மறுநாள் காலை பஸ்ஸுக்கு மகளிடம் சொல்லி ரகசியமாக டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். அன்று சாயங்காலம் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுக்கும்போது அது வெளியே விழுந்தது. இவர் எடுத்துப் பார்த்தார். மகள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

"பஸ் எந்த ரூட்ல போகுது?" என்றார்.

"ஹைவேல லா, வேற எங்க."

சிரித்துக்கொண்டே டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார். கோபமே இல்லை. அது இன்னும் சங்கடமாக இருந்தது.

மறுநாள் மகள் அவரை விமான நிலையத்தில் இறக்கிவிட்டு, என்னைப் பஸ்ஸில் ஏற்றினாள். ஒன்பதரை மணி. பஸ் ஈப்போவை விட்டு இறங்கினதுமே மழை. கண்ணாடியெல்லாம் புகை பூத்த மாதிரி. தரையில்தானே இருக்கிறோம், நிம்மதியாகத் தூங்கலாம் என்று சாய்ந்தேன். தூக்கம் வரவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியிருந்தால் இந்நேரம் மேலே இருப்பார். மேலே மழை எப்படி இருக்கும்? கூட இருந்தால் அவர் முகத்தைப் பார்த்தாவது தெரிந்துகொள்ளலாம். இங்கே முன்சீட்டுக்காரரின் வழுக்கைத் தலைதான் தெரிந்தது.

பையிலிருந்து 555 நோட்டை எடுத்தேன். வழிதான் எனக்குத் தெரியுமே, திரும்பும்போது அதே பெயர்கள் தலைகீழாக வரும். முதல் பெயர், அதற்குப் பன்னிரண்டு நிமிஷம். கடிகாரத்தைப் பார்த்து, அதைத் தாண்டியிருப்பார், தாயே கூட இரு என்றேன். அடுத்த பெயர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனப் பாட்டி, பஸ் எங்கே போகிறது என்று நான் பார்க்கிறேனாக்கும் என்று நினைத்து, இன்னும் தாப்பாகூட வரவில்லை என்று மலாயில் சொன்னார். பாண்டி தாண்டியிருப்பார். பைரவா, பார்த்துக்கொள். தாப்பாவில் பஸ் நின்றது, எல்லாரும் இறங்கினார்கள், நான் இறங்கவில்லை. மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. காடோப்புக்கு இன்னும் நாலு நிமிஷம். நாலும் போனது. அதற்குப் பிறகு நோட்டில் பெயர் இல்லை, இறங்க வேண்டியதுதான்.

அதற்குப் பிறகு போன பதினெட்டு நிமிஷத்தை நான் யாருக்கும் விரும்ப மாட்டேன். பஸ் மறுபடி கிளம்பிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் போன் அடித்தது.

"இறங்கிட்டேன். நீ எங்க இருக்க?"

"தஞ்சோங் மாலிம்கூட வரல்ல."

"நான் வீட்டுக்குப் போய் சோறு வைக்கட்டுமா?"

"ரெண்டு பேருக்கு வைங்க," என்றேன். அப்புறம், அவர் போனை வைப்பதற்குள், "அடுத்த மாசம் எப்ப ஈப்போ போறோம்?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் தாள் புரட்டுகிற சத்தம்தான் வந்தது. சொன்னது காதில் விழுந்ததா என்று கேட்டேன். விழுந்தது, எழுதிக்கிட்டு இருக்கேன் என்றார்.